எத்தனை நிமிடம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

பள்ளி, கல்லூரிகளில் வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களுக்கும், இரவெல்லாம் விழித்திருந்து கேள்வி தயாரிக்கும் மாணவர்களுக்கும்,

சில மாதங்களுக்கு முன்பு ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இசைச் சுற்று. "போஹிமியன் ராப்சடி பாடல் எத்தனை..." என்று கேள்வி பாதியில் இருக்கும்போதே ஒரு பையன் மணியை அடித்துவிட்டான். "5 நிமிடம் 55 விநாடி." சரியான விடை. பத்து மதிப்பெண், கைதட்டல், அடுத்த கேள்வி. இடைவேளையில் டீ டம்ளரோடு நின்றவனிடம், "தம்பி, அந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன். "கேட்டதில்லை சார். கொஸ்டின் பேங்க்ல இருந்துச்சு" என்றான்.

ஒளிவுமறைவில்லாமல் சொன்ன அந்தப் பிள்ளை மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. முந்திக்கொண்டு மணியடிக்கத்தானே அவனைப் பழக்கியிருக்கிறோம். குறை கேள்வி எழுதுகிற நம்மிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். அந்த ஆண்டுகளில் இதே மாதிரியான கேள்விகளை நானும் எழுதிக் குவித்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை உரிமையோடு எழுதுகிறேன்.

அந்தப் பாடலைத் தந்த குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிச் சுவையான துணுக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. பாடகர் ஃபிரெடி மெர்குரியின் வாயில் நான்கு பற்கள் கூடுதலாக இருந்தன. குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவரே. நால்வரின் ராசிகளையும் அதில் வைத்தார். இரண்டு சிங்கங்கள், ஒரு நண்டு, கன்னி ராசிக்காக இரண்டு தேவதைகள். இரண்டு ஆல்பங்களின் பெயர்களை மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இவையெல்லாம் உண்மை, கேட்கலாம். ஆனால் இந்தக் குழுவின் பெரிய சொத்து அவர்களுடைய கைவேலை. அதைப் பற்றி நம் கேள்வித்தாள்களில் ஒரு வரிகூட வருவதில்லை.

அந்த 5 நிமிடம் 55 விநாடியிலிருந்தே தொடங்குகிறேன்.

1975 ஆகஸ்டில், வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணையில் இருந்த ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாடலின் வேலை ஆரம்பமானது. கணினி கிடையாது. இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடா, அதில் 24 தடங்கள். நடுவில் வரும் ஆப்பரா பகுதியில் ஒரு பெரிய கூட்டமே பாடுவதுபோலக் கேட்கிறதல்லவா? பாடியவர்கள் மூன்றே பேர். கீழ் ஸ்தாயிக்குக் கிட்டார் கலைஞர் பிரையன் மே, நடுவில் மெர்குரி, உச்சத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர். நான்காமவரான ஜான் டீக்கன் பாடவில்லை. பாடலின் வீடியோவில் அவர் முகமும் தெரிவதால் நால்வரும் பாடினார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூவரும் ஒரு வரியைப் பாடுவார்கள். அதே வரியை வேறு சுரத்தில் மறுபடி பாடுவார்கள். மறுபடியும். தடங்கள் நிரம்பியதும் எல்லாவற்றையும் கலந்து ஒன்றிரண்டு தடங்களில் ஏற்றிவிட்டு, காலியான தடங்களில் திரும்பப் பாடத் தொடங்குவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்று ஏறக்குறைய மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் நாடா பதிவுக் கருவியின் முனையை உரசிக்கொண்டு ஓடியது. நாடாவில் ஒலியைத் தாங்குவது அதன் மேலுள்ள இரும்பு ஆக்சைடு பூச்சு. அந்தப் பூச்சு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நாடாவின் வழியே மறுபக்கம் தெரிந்தது. இன்னும் சில அடுக்குகள் சேர்த்திருந்தால் பாடலே அழிந்துபோயிருக்கும்.

'அந்த நாடா ஏன் கண்ணாடிபோல ஆனது?' என்று ஒரு கேள்வி வைத்துப் பாருங்கள். விடை தெரியாத பிள்ளையும் யோசிப்பான். காந்தவியல் பாடம் படித்தவன் பாதி வழியாவது வந்துவிடுவான்.

பாடல் நீளம் என்பதால் வானொலிகள் ஒலிபரப்பாது என்று பதிவு நிறுவனத்தில் தயங்கினார்கள். லண்டன் கேப்பிடல் வானொலியின் கென்னி எவரெட் கைக்கு ஒரு பிரதி போனது. ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிபரப்பினார். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம். 1991இல் மெர்குரி மறைந்த பிறகு மறுபடி வெளியாகி, மறுபடி முதலிடம். அந்த வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் பாடுபடும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது.

அடுத்தது பிரையன் மேயின் கிட்டார். நான் வகுப்பில் பலமுறை சொன்ன கதை இது.

1963இல் அவர் பதினாறு வயதுப் பள்ளி மாணவர். கடையில் தொங்கிய நல்ல மின்கிட்டாரை வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹரோல்டு மின்னணுப் பொறியாளர். இருவரும் வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துப் பகுதிக்கு, யாரோ கழற்றிப்போட்ட பழைய கணப்பு அடுப்பின் மேற்பலகை. நூறு வருடத்துக்கும் மேலான மரம். புழு அரித்த ஓட்டைகளில் தீக்குச்சிகளைச் சொருகி அடைத்தார்கள். உடல் பகுதிக்கு ஒரு பழைய மேஜையின் ஓக் கட்டை. விரல் பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள்.

தந்திகளை இழுத்துத் தளர்த்தி ஓசையை அசைக்கும் ஒரு கைப்பிடி கிட்டாரில் இருக்கும். அதைப் பயன்படுத்திவிட்டு விட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து விலையுயர்ந்த கிட்டார்களிலேயே அது சரியாகத் திரும்பாது, உராய்வுதான் காரணம். அப்பாவும் மகனும் என்ன செய்தார்கள்? கத்தி முனைபோலக் கூராக்கிய எஃகுத் தகட்டின் மேல் அந்த அமைப்பை நிறுத்தினார்கள். தராசின் நடுமுள் உட்காரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம். தந்திகளின் இழுப்பைச் சமன்செய்ய 1928ஆம் ஆண்டு பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. கைப்பிடிக்கு சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு.

வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ரெட் ஸ்பெஷல் என்று பெயர் வைத்த அந்தக் கிட்டாரைத்தான் குயினின் எல்லா ஆல்பங்களிலும் கேட்கிறோம். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்ததும் அதைத்தான். மீட்டுவதற்குப் பிளாஸ்டிக் வில்லை வேண்டாம் என்று ஆறு பென்ஸ் நாணயத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நாணயம் 1980இல் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. அவர் கையில் இன்னும் இருக்கிறது.

டீக்கனை மறந்துவிடக் கூடாது. அதிகம் பேசாதவர், 1997க்குப் பிறகு மேடையைவிட்டே ஒதுங்கிவிட்டவர் என்பதால் கேள்வித்தாள்களும் அவரை ஒதுக்கிவைக்கின்றன. லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்து 1971இல் முதல் வகுப்பில் தேறியவர் அவர். ஒருநாள் தெருவோரக் குப்பைத் தொட்டியில் ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சர்க்யூட் போர்டைப் பார்த்தார். வீட்டுக்கு எடுத்துவந்து, புத்தக அலமாரியில் வைக்கிற அளவிலான ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தார். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூட அதில் கிடையாது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் உள்ள அந்தச் சிறு பெட்டியில் ரெட் ஸ்பெஷலை இணைத்து வாசித்தபோது, கிட்டார் ஓசை வயலின்போலவும் கிளாரினெட்போலவும் இழைந்து வந்தது. 1975ஆம் ஆண்டு ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்று ஒரு பாடல் உண்டு. அதன் நடுவில் ஒரு பழைய ஜாஸ் குழு முழுவதுமாக வந்து உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். டிரம்பெட், டிரோம்போன், கிளாரினெட் எல்லாமே ஒரே ஆளின் கிட்டாரும் குப்பையிலிருந்து வந்த அந்தப் பெட்டியும்தான். 1980 வரை தங்கள் இசையில் சிந்தசைசர் கிடையாது என்று அவர்கள் ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கேட்டவர்கள் இயந்திரம் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தது மனிதக் கை.

டிரம்ஸ் கலைஞர் டெய்லர் பல் மருத்துவம் படிக்கப் போய், அதைவிட்டு உயிரியலில் பட்டம் பெற்றவர். மெர்குரி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தவர். நால்வரும் படித்துக்கொண்டே, வாசித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். நால்வரும் தனித்தனியே வெற்றிப் பாடல்கள் எழுதியவர்கள் என்பதும் ராக் உலகில் அரிதான சங்கதி.

இயற்பியல் ஆசிரியனாக எனக்கு மிகவும் நெருக்கமான துணுக்கு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

1977 மே மாதம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில், பிங்லி ஹால் என்ற அரங்கில் குயின் நிகழ்ச்சி. முடிந்து மேடையைவிட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையவில்லை. கால்பந்து மைதானங்களில் பாடும் பாட்டு ஒன்றை அத்தனை பேரும் சேர்ந்து இவர்களுக்காகப் பாடினார்கள். பிரையன் மேயின் மனசில் அது தங்கிவிட்டது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலை உதைக்கலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அப்படிப் பிறந்ததுதான் 'வீ வில் ராக் யூ'. இரண்டு மிதி, ஒரு தட்டு. இன்று உலகத்தின் எந்த விளையாட்டு மைதானத்திலும் கேட்கும் தாளம்.

பதிவு நடந்தது வடக்கு லண்டனில் வெசெக்ஸ் கூடத்தில். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அங்கே கிடந்த பழைய மரப்பலகைகளின் மேல் நின்று சிலர் மிதித்தார்கள், தட்டினார்கள். பத்துப் பதினைந்து தடவை பதிவு செய்தாலும் அது சிலபேர் தட்டும் ஓசையாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் தட்டுவதாகக் கேட்க வேண்டுமானால்? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. என்னிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவர் கை தட்டினால், அந்த ஓசை என் காதுக்கு வர ஏறக்குறைய ஒரு விநாடியில் முப்பத்து நான்கில் ஒரு பங்கு தாமதமாகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவருடையது இன்னும் தாமதம். பெரிய கூட்டத்தின் கைதட்டல் அகலமாகக் கேட்பதற்கு இந்தச் சிறுசிறு தாமதங்களே காரணம்.

ஆகவே மே, பதிவு செய்த ஓசையைப் பலமுறை தாமதப்படுத்தி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். அதில் ஒரு சிக்கல் வரும். தாமதங்களைச் சம இடைவெளியில் வைத்தால், காது அதைக் கண்டுபிடித்துவிடும்; மலையடிவாரத்தில் கத்தினால் திரும்பி வருவதுபோல வெறும் எதிரொலியாகிவிடும். அதைத் தவிர்க்க, தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் அமைத்தார். ஒன்றின் மடங்கில் மற்றொன்று வந்து விழாது. காதுக்கு ஓர் ஒழுங்கும் பிடிபடாது. எதிரொலி மறைந்து கூட்டம் பிறந்தது. 2, 3, 5, 7, 11 என்று ஆறாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யவைக்கும் அதே பகா எண்கள்தான். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று வகுப்பில் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பாட்டில் டிரம்ஸ் கிடையாது. கிட்டார்கூடக் கடைசியில்தான் வருகிறது.

அதே பிரையன் மே, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் ஆய்வு செய்தவர். விடிவதற்கு முன் கிழக்கு வானத்தில் கோபுரம்போல எழும் மங்கலான ஒளி ஒன்று உண்டு. கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக்கிடக்கும் நுண்தூசியின் மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் தெரிவது. அந்தத் தூசி எந்த வேகத்தில், எந்தத் திசையில் நகர்கிறது என்பதே அவருடைய ஆய்வு. 1971, 72இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இருந்துகொண்டு, ஒளியில் உள்ள மக்னீசியக் கோடு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். 1972இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. பிறகு குயின் வளர்ந்தது. ஆய்வேடு பெட்டிக்குள் போனது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டுவைத்ததை மறுபடி எடுத்து, 2007இல் முடித்து முனைவர் பட்டம் வாங்கினார். இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் அதிகம் பேர் நுழையாததால் பழைய அளவீடுகள் மதிப்பிழக்காமல் இருந்தன. 'எந்த ராக் கலைஞர் முனைவர்?' என்ற கேள்வியை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். எதில், எப்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

ஃபிரெடி மெர்குரி பற்றி ஒரு வார்த்தை. இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சி. குடும்பப் பெயர் குஜராத்தின் வல்சாடு ஊரிலிருந்து வந்தது. எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனிக்கு, செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பியானோ கற்றதும், தி ஹெக்டிக்ஸ் என்ற முதல் குழுவில் வாசித்ததும் அங்கேதான். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தபின் குடும்பம் லண்டனுக்குப் போனது. நம் கேள்விகளில் 'இந்தியத் தொடர்புள்ள பாடகர் யார்?' என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. 2016இல் விஞ்ஞானிகள் அவர் குரலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேசும்போது அவர் குரலின் அதிர்வெண் சராசரியாக 117 ஹெர்ட்ஸ். அதாவது இயல்பில் ஆழ்ந்த ஆண்குரல். பாடியதோ அதற்கு மேலே. நீட்டிப் பாடும்போது அவர் குரல் விநாடிக்கு ஏழு முறை அசைந்தது. வழக்கமான பாடகர்களைவிட வேகம். நான்கு பற்களைவிட இது நல்ல கேள்வி.

இனி ஓர் எச்சரிக்கை. 2018இல் வந்த 'போஹிமியன் ராப்சடி' திரைப்படத்தைப் பார்த்துக் கேள்வி எழுதாதீர்கள். மெர்குரியாக வந்த ரமி மாலெக்கின் நடிப்புக்கு ஆஸ்கர் கிடைத்த நல்ல படம்தான்; ஆனால் வரலாறு அல்ல. படத்தில் மீசை வைத்த மெர்குரியின் காலத்தில், 1980இல், 'வீ வில் ராக் யூ' பிறக்கிறது; உண்மையில் 1977. படத்தில் டீக்கன் முதல் மேடையிலேயே நிற்கிறார். உண்மையில் 1971இல்தான் வந்தார், அவருக்கு முன் மூன்று பேர் பேஸ் கிட்டார் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரிந்துபோன குழு 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்டு இசை நிகழ்ச்சிக்காக ஒன்றுசேர்ந்ததாகப் படம் காட்டுகிறது. குழு பிரியவே இல்லை. அந்த மே மாதம்கூட ஜப்பானில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். லைவ் எய்டு வெற்றியின் காரணம் கண்ணீர்க் காட்சிகளில் இல்லை. லண்டன் ஷா தியேட்டரில் உட்கார்ந்து, இருபது நிமிடச் சொச்சத்துக்குள் ஆறு பாடல்கள் அடங்கும்படி வெட்டி ஒட்டி ஒத்திகை பார்த்தார்கள். பிற குழுக்கள் பல அப்படித் தயாராகி வரவில்லை.

தவறான விடைக்கு மதிப்பெண் கொடுத்தால், அந்தத் தவறு அந்தப் பிள்ளையோடு ஐம்பது வருடம் வாழும். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு இடத்திலாவது சரிபாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. பத்துக் கேள்விகளில் எட்டு, ஒன்பது உங்கள் வழக்கப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் 'எப்படி' அல்லது 'ஏன்' என்று முடியுங்கள். அதற்கு மணியை எடுத்துவிடுங்கள். அணியினர் கூடிப் பேச இரண்டு நிமிடம் கொடுங்கள். பாதி சரியாகச் சொன்னாலும் மதிப்பெண் போடுங்கள். கையில் இருக்கிற சிறு ஸ்பீக்கரையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கேள்வியைப் படிப்பதற்கு முன்னால் பாட்டைப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்